வின்னிபெக் கௌமாயுக்: அரை நாளாவது ஒதுக்குங்கள்
கனடாவில் வின்னிபெக் பக்கம் போனால் 2021-ல் திறந்த இந்த கௌமாயுக் கலைக்கூடத்தைத் தவறவிடாதீர்கள், ஆர்க்டிக் பழங்குடிகளான இனுயிட் மக்களின் கலைக்கானது இது. நுழைந்ததும் மூன்று மாடி உயரத்துக்கு வளைந்து நிற்கும் கண்ணாடிப் பெட்டகம், அதற்குள் கரடி, சீல், பிள்ளையை முதுகில் சுமக்கும் தாய் என்று ஆயிரக்கணக்கான சிற்பங்கள். மற்ற அருங்காட்சியகங்கள் பூட்டி வைக்கும் சேமிப்பறைதான் இங்கே முதல் காட்சியே. ஒரே குறை, மேல்தட்டுகளை அண்ணாந்து பார்த்தால் உருவம் தெரிகிறது, உளித்தடம் தெரிவதில்லை.

திறப்புக் கண்காட்சியைத் தொகுத்ததே இனுயிட் குழுதான், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. அப்புறம், பனிவீட்டுப் படங்களை மட்டும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். கனடாவின் வடகோடியில் உள்ள கிங்கைட் ஊரின் ஓவியர் பிட்சியோலாக் அஷூனா பழைய கூடார வாழ்க்கையை வரைந்தார், மகள் நபாச்சியும் வரைந்தார், பேத்தி ஆனி பூட்டூகூக் வீட்டில் டிவி பார்ப்பவர்களை வரைந்து 2006-ல் கனடாவின் பெரிய கலை விருதான சோபி விருதே வாங்கினார், இதுவும் அசல் இனுயிட் கலைதான்.