தோள் பெல்ட்டா, இயன்முறைப் பயிற்சியா?

குடியாத்தத்தில் மடியில் முறத்தை வைத்துக் குனிந்தபடி பீடி சுற்றுபவருக்கும், ஆம்பூரில் நாள் முழுவதும் ஷூ மேல்தோல் தைப்பவருக்கும் தோள் முன்னே சரிந்து முதுகு வளையத் தொடங்கும்போது, மருந்துக்கடைத் தோள் பெல்ட், இயன்முறைப் (பிசியோதெரபி) பயிற்சி என இரண்டு வழிகள் கண்ணில் படுகின்றன.

பெல்ட் மாட்டியவுடன் நிமிர்த்திவிடும். ஆனால் நிமிர்த்திப் பிடிக்க வேண்டிய தசைகளுக்கு அது வலுவேற்றுவதில்லை என்பதால், கழற்றியதும் உடல் பழைய வளைவுக்கே திரும்பிவிடும். வேலூர் வெயிலில் அக்குளை அறுக்கும் அந்த வாரை எத்தனை நாள் தாங்க முடியும் என்பது வேறு.

இயன்முறை மருத்துவரோ, கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதைப் போல, காதுமடல், தோள்முனை, இடுப்பு மூட்டு ஆகியவை ஒரே நேர்கோட்டில் வந்து, கோடு கணுக்காலுக்குச் சற்று முன்னே விழுகிறதா என்று பக்கவாட்டிலிருந்து பார்ப்பார். முதுகைச் சுவரில் ஒட்டி நிற்கச் சொல்லி, பின்தலைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளப்பதும் உண்டு. நிமிர முயன்றும் வளைவு குறையாவிட்டால் எலும்பிலேயே காரணம் இருக்கலாம். அப்போது எக்ஸ்ரே தேவைப்படலாம். இந்த வேறுபாட்டைப் பெல்ட் காட்டித் தராது.

தாடையை உள்ளிழுத்து 5 விநாடி நிறுத்துவது, கதவு நிலையில் கைகளை ஊன்றி இறுகிய மார்புத் தசையை நீட்டுவது போன்ற பயிற்சிகளுக்குச் செலவில்லை. பல வாரப் பொறுமைதான் வேண்டும். நான் பயிற்சியையே தேர்வேன். பெல்ட்டை, தொடக்கத்தில் நினைவூட்டலாகச் சிறிது நேரம் அணிந்தால் போதும். கை மரத்துப்போனால் இரண்டையும் விட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.