சிவப்பு பஸ்ஸில் கிழக்குக் கரை: ஹட்டனிலிருந்து நாங்கள் இரண்டு பேர் போய்வந்த கதை

ஆகஸ்ட் லீவுக்கு எங்கே போகலாம் என்று இவர் கேட்டார், கடல் என்றேன். அடுத்த நாள் ஹட்டன் டவுனில் வேன் வாடகை விசாரித்துவிட்டு வந்த மனுசன் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவரே, "பஸ்ஸிலயே போய்ட்டு வந்தா என்ன?" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பொத்துவில், மட்டக்களப்பு, திருகோணமலை, கண்டி, மறுபடி ஹட்டன் என்று ஒரு வட்டம். 7 நாள், 6 இரவு. இரண்டு பேருக்கும் அறை, சாப்பாடு, படகு, இவர் வாங்கிய தொப்பி எல்லாம் சேர்த்து 56,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வந்தது, அதில் பஸ்ஸுக்குப் போனது 8,000 கூட இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்மார் ஒவ்வொருவராகக் கேட்டு நானும் ஒவ்வொருவராகச் சொல்லிச் சலித்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் சிவப்பு பஸ், அதாவது அரசாங்க பஸ். 1958இல் இலங்கைப் போக்குவரத்துச் சபையாக (இங்கிலீஷ் சுருக்கம் சிடிபி) தொடங்கியதற்குப் பிறகு பெயர் எத்தனையோ மாறிவிட்டது, தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு அது இன்னும் சிடிபிதான். சிவப்பு பஸ்ஸின் சீட் கட்டை மாதிரி இருக்கும், ஜன்னல் பாதி திறக்கும் பாதி திறக்காது, ஏற்றத்தில் அது முனகுகிற முனகலில் நாமே இறங்கித் தள்ளலாமா என்று தோன்றும். ஆனாலும் நான் அதற்குத்தான் புள்ளி போடுவேன். டிக்கெட் கையில் தருவார்கள், மிச்சக் காசு கேட்காமலே வரும், காது கிழிகிற பாட்டு இல்லை, முக்கியமாக இன்னொரு பஸ்ஸோடு போட்டி போட்டு ஓட மாட்டார்கள். தனியார் பஸ்ஸும் ஏறினோம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் கறாராக இருந்தோம், மலைப்பாதையில் இருட்டில் பயணம் கிடையாது. 2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லவில் விடியற்காலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் எல்ல வெல்லவாய வீதியில் இரவு நேரத்தில் இன்னொரு பஸ் விழுந்து 15 பேர் போனார்கள். இரண்டுமே இருட்டில் நடந்தவை. நாங்கள் இறங்கப்போவதும் அதே எல்ல வீதிதான். அதனால் அம்மா சொன்ன "ராத்திரி பஸ்ஸுல ஏறினா தூங்கிக்கிட்டே போயிரலாமே" என்ற யோசனையை அப்படியே ஒதுக்கிவிட்டுக் காலையில் ஐந்தரைக்கு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும் லஞ்ச் ஷீட்டில் சுற்றி எடுத்துக்கொண்டோம். எலுமிச்சம்பழம் இரண்டு, சொப்பிங் பேக் நான்கு. சொப்பிங் பேக் எதற்கு என்று மலைநாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. (இவருக்குத்தான் தேவைப்பட்டது, எனக்கு இல்லை. வெலிமடை தாண்டி.)

தலவாக்கலைப் பக்கம் டெவன், சென் கிளயர் இரண்டு நீர்வீழ்ச்சியும் மழையில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தன, பஸ்ஸில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்கும் பழகிப்போன காட்சிதான். நுவரெலியாவில் ஸ்வெட்டர், வெலிமடையில் ஸ்வெட்டர் மடியில், பண்டாரவளையில் அது பைக்குள். ஆகஸ்டில் எங்கள் பக்கம் நாள்கணக்கில் தூறிக்கொண்டிருக்கும்போது ஊவாப் பக்கம் வெயில் அடிக்கும். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று ஈரத்தையெல்லாம் எங்கள் மலைகளின்மேல் கொட்டிவிட்டு அந்தப் பக்கம் வெறுங்கையோடு இறங்குகிறது, அதையே கிழக்கில் கச்சான் காற்று என்கிறார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிற பாடத்தை முதல் தடவையாக உடம்பில் உணர்ந்தேன்.

எல்லவில் வெள்ளைக்காரர்கள் ஏறினார்கள், முதுகில் ஆளுக்கொரு மூட்டை. கண்டக்டர் "இஸ்ஸரஹாட்ட யன்ன, இஸ்ஸரஹாட்ட யன்ன" என்று எல்லாரையும் முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். அங்கிருந்து வெல்லவாய வரை இறக்கம்தான். ராவணா எல்ல நீர்வீழ்ச்சி வீதியோரத்திலேயே விழுவதால் பஸ்ஸுக்குள் இருந்தபடியே பார்க்கலாம், காசில்லை. முன்பக்க ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள், சில்லுக்கு மேலே இருக்கிற சீட்டில் மட்டும் உட்காராதீர்கள், என் இடுப்பு இன்னும் வலிக்கிறது.

வெல்லவாயவில் இறங்கிய உடனே அடுப்புப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு சூடு. அங்கே ஒரு பஸ் மாறி மொனராகலை, அங்கே இன்னொன்று மாறி பொத்துவில். இந்தக் கடைசித் துண்டுக்கு பஸ் அடிக்கடி கிடையாது, நாங்கள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காய்ந்தோம். ஆனால் சியம்பலாண்டுவ தாண்டி லாகுகல காட்டுக்குள் வீதி போகும்போது டிரைவர் பஸ்ஸை மெதுவாக்கினார், எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தார்கள், குளத்தோரம் ஏழெட்டு யானை. தேசிய பூங்காவை பஸ் டிக்கெட் காசிலேயே பார்த்துவிட்டோம் என்று இவர் பொத்துவில் வரை சொல்லிக்கொண்டே வந்தார். குமண காட்டுக்கு ஜீப் பிடிக்க வேண்டும் என்று கேள்விப்பட்ட பிறகு அங்கே போகிற பேச்சை நாங்கள் எடுக்கவே இல்லை.

காலையில் நுவரெலியாவில் ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் பல் கிட்டிக்கொண்டு நின்றவர்கள் சாயந்தரம் அறுகம்பையில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். அதைப் பற்றி எழுதி அழகைக் கெடுக்கப் போவதில்லை. கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் காலிமுகத்திடலில் பார்த்த கடல் வேறு, இது வேறு.

அறைக் கதையைத்தான் எழுத வேண்டும். கடற்கரை வீதியில் ஒரு இடத்தில் போய்க் கேட்டோம், பையன் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு "ஃபுல்" என்றான். சரி என்று எதிர்க் கடையில் சோடா குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு வெள்ளைக்கார ஜோடி அதே கேட்டுக்குள் போனது, பை உள்ளே போயிற்று, மாடியில் ஒரு அறையில் லைட் எரிந்தது. இவர் எழுந்து போய்ச் சண்டை பிடிக்கப் பார்த்தார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். நம் ஊர் மலையைப் பார்க்க உலகமே வருகிறது, அவர்கள் போட்டோ எடுக்கும்போது கொழுந்துக் கூடையோடு நிற்பதும் நம் சனம்தான். நாம் கடல் பார்க்க வந்தால் அறை இல்லை. கொஞ்சம் உள்ளே தள்ளி பொத்துவில் பக்கமாக ஒரு முஸ்லிம் குடும்பம் வீட்டோடு சேர்த்துக் கட்டியிருந்த அறை கிடைத்தது, ஃபேன் அறை, ஒரு நாளைக்கு 4,500. அடையாள அட்டையைப் பார்த்தார்கள், "மலைநாடா? குளிர் எப்படி?" என்றார்கள், இரவு இடியப்பமும் மீன் கறியும் வந்தது, அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. ஆகவே என் அறிவுரை, கடலைப் பார்த்த அறை வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், பத்து நிமிசம் நடக்கத் தயாராக இருந்தால் பாதிக் காசும் மரியாதையும் மிச்சம்.

அலை விளையாட்டு எங்களுக்குச் சரிவராது. அங்கே சீசன் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை, பலகையோடு உலகத்து இளைஞர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். நாங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று அதைப் பார்த்தோம், இரண்டு நாளும் கொத்து ரொட்டி சாப்பிட்டோம், போதும்.

பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பு வரை பஸ்ஸுக்குக் குறையே இல்லை. பஸ்ஸுக்குள் முழுக்கத் தமிழ் கேட்டது எனக்கு ஒரு மாதிரி இருந்தது, இத்தனை வருடமாக பஸ் என்றால் சிங்களத்தில் இறங்குமிடம் சொல்லியே பழகிவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "எங்கயிருந்து புள்ள வாறீங்க?" என்று கேட்டு, ஹட்டன் என்றதும், "தேயிலை கொண்டு வரல்லியா?" என்றார். அடுத்த தடவை போனால் நாலு பக்கெட் கொண்டுபோவேன், உண்மையாகச் சொல்கிறேன். இந்தக் கரை முழுக்க 2004 டிசம்பர் 26 சுனாமி தின்ற கரை, மட்டக்களப்பை ஒட்டிய கல்லடிப் பக்கம் அந்த அம்மா கையை நீட்டி நீட்டி எந்த வீடு எங்கே இருந்தது என்று காட்டிக்கொண்டு வந்தார். நான் அதற்கு என்ன பதில் சொல்ல.

மட்டக்களப்பிலிருந்து ஒரு நாள் பாசிக்குடா. தண்ணீர் முட்டி அளவு, உள்ளே எவ்வளவு நடந்தாலும் இடுப்பளவு, நீந்தத் தெரியாத மலைநாட்டு ஆட்களுக்கென்றே செய்த கடல். ஆனால் கரையில் பெரிய ஹோட்டல்களின் வேலிதான் நீளமாகத் தெரிந்தது, பொதுசனம் குளிக்கிற பக்கத்தில் சனக்கூட்டமும் போத்தல் குப்பையும். குழந்தைகள் இருந்தால் போங்கள், இரண்டு பேர் என்றால் கல்லடியே நல்லது. சட்டித் தயிரும் பாணியும் சாப்பிடாமல் மட்டக்களப்பை விட்டுக் கிளம்பாதீர்கள், இதில் எனக்கும் இவருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

மட்டக்களப்பு திருகோணமலை பஸ்தான் இந்த வட்டத்திலேயே எனக்கு மிகப் பிடித்தது. வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று ஒரு பக்கம் கடலும் களப்பும் மாறி மாறி வரும். பாலங்கள் கட்டுவதற்கு முன்னால் இந்த வழியில் மிதப்புப் பாதையில், அதாவது வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு போகிற தெப்பத்தில், ஏறி ஏறித்தான் கடந்தார்களாம். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீட்டர் நீளம், பஸ் அதில் ஏறியதும் காற்று இவருடைய புதுத் தொப்பியைக் கொண்டுபோய்விட்டது. 900 ரூபாய்த் தொப்பி.

திருகோணமலையில் கோணேசர் கோவில் போகும் வழியில் புள்ளிமான்கள் பையை மோந்து பார்க்கும், பழம் வைத்திருந்தால் போயிற்று. கன்னியாவுக்கு பஸ்ஸில் போய்ச் சந்தியில் இறங்கி நடந்தோம். ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு, வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளலாம். ராவணன் தாயின் கிரியைக்காக வாளால் குத்தியதில் வந்த ஊற்று என்று கதை. இவர் நாலாவது கிணற்றில் நின்றுகொண்டு, "இதுக்குக் கீழ எரிமலை இருக்கா?" என்று டீச்சரைக் கேட்டார். இல்லை, இலங்கையில் எரிமலையே கிடையாது. நம் நாடு மிகப் பழைய பாறையின்மேல் உட்கார்ந்திருக்கிறது, மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள் ஆழமாக இறங்கி, பூமியின் உள்சூட்டில் காய்ந்து, வேறு வெடிப்பு வழியாக மேலே வருகிறது, மகா ஓயாவிலும் இப்படி வெந்நீர் ஊற்று இருக்கிறது என்று ஈரத்தலையோடு நின்று பாடம் எடுத்தேன். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "முடிஞ்சா வாளியத் தாங்க" என்றார். போனால் காலை ஏழு மணிக்குள் போங்கள், பிறகு சனம் தாங்காது.

புறாத் தீவுக்கு நிலாவெளியிலிருந்து படகு. படகுக் காசு தலைக்கு இல்லை, படகுக்கு, அதனால் இரண்டு பேர் தனியாகப் போனால் கட்டுபடியாகாது. கரையில் அரைமணி நேரம் காத்திருந்து யாழ்ப்பாணக் குடும்பம் ஒன்றோடு சேர்ந்துகொண்டோம். 2003இல் தேசிய பூங்காவாக்கிய இடம், டிக்கெட் தனி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தால் மீன்கள். பவளப்பாறைமேல் சிலர் காலை வைத்து நின்றதைப் பார்த்து எனக்கு வகுப்பில் கத்துகிற மாதிரி கத்த வேண்டும் போலிருந்தது.

திரும்பும்போது கண்டிக்கு நேரத்தோடு போய்விடலாம் என்று தனியார் பஸ்ஸில் ஏறினோம். தப்பு. டிக்கெட் தரவில்லை, மிச்சம் 140 ரூபாய் "பொறகு" என்றவர் பொறகு தரவே இல்லை, ஹபரணையிலிருந்து தம்புள்ளை வரை முன்னால் போன பஸ்ஸை முந்துவதற்காகவே ஓட்டினார்கள். கண்ணாடிக்கு மேலே புத்தர், பிள்ளையார், மாதா மூவரும் கலர் லைட்டில் மின்னிக்கொண்டிருந்தார்கள், மூவரையும் மாறி மாறிக் கும்பிட்டேன். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோபுரம் தெரிந்தபோதுதான் பஸ் கொஞ்சம் அடங்கியது. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக நடந்து வந்து சேர்ந்த ஊர் மாத்தளை, அவர்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைத்து 2023இல் நம் ஆட்கள் தலைமன்னாரிலிருந்து அதே ஊருக்குத் திரும்ப நடந்தார்கள், என் கூடப் படித்தவள் ஒருத்தி அதில் கடைசி இரண்டு நாள் நடந்து கால் வீங்கி வந்தாள். மிச்சம் 140 ரூபாய்க்கு அழுதுகொண்டிருந்த எனக்கு அது ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

கண்டியில் ஹட்டன் பஸ், சிவப்பு, நிறையக் கூட்டம். நாவலப்பிட்டி வரை நின்றேன், கினிகத்தேனையில் மழை பிடித்தது, பாதி திறக்கும் ஜன்னல் இப்போது மூட மாட்டேன் என்றது. கண்டக்டர் பழைய பத்திரிகையை மடித்து அந்த இடைவெளியில் செருகிவிட்டு, மிச்சம் 20 ரூபாயையும் கேட்காமலே என் கையில் வைத்துவிட்டுப் போனார்.