இரை எடுக்காத மீன்: காத்திருப்பதா, தண்ணீரா, உப்பா, மருந்தா?

இரை போட்டதும் முண்டியடித்து வரும் மீன் ஒருநாள் மூலையில் ஒதுங்கி நின்றால், வளர்ப்பவரின் கை தானாக மருந்து பாட்டிலைத் தேடும். நானும் தேடியவன்தான். ஏஞ்சல் மீன் ஒன்று இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று மீத்திலீன் புளூ என்ற நீலச் சாய மருந்தைத் தொட்டி முழுக்கக் கலந்துவிட்டேன். ஃபில்டரில் குடியிருந்து கழிவைச் செரிக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது கெடுக்கும் என்பது அப்போது தெரியாது. சில நாளில் கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியா ஏறி, நோயே இல்லாத மீன்களும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. கண்ணாடி மூலையில் இருக்கும் சிலிக்கான் ஒட்டு இன்னும் நீலம்தான்.

ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது பலருக்குச் சோம்பேறித்தனமாகப் படும். ஆனால் மீன் குளிர் ரத்தப் பிராணி. உடல் சூட்டைக் காக்க அது இரையைச் செலவழிப்பதில்லை. நல்ல சதைப்பிடிப்புள்ள வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் தாங்கும், குஞ்சு தாங்காது. புதுத் தொட்டிக்கு வந்த மீன் சில நாள் இரையைத் திரும்பிப் பார்க்காது. வாயில் முட்டை வைத்து அடைகாக்கும் சிக்லிட் தாய் இரண்டு, மூன்று வாரம்கூடச் சாப்பிடாது. அதற்குப் போய் மருந்து ஊற்றியவர்கள் உண்டு. மூச்சு வேகமாக வாங்கினாலோ, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடந்தாலோ, வயிறு ஒட்டிப்போனாலோ காத்திருப்புக்கு இடமில்லை.

அடுத்தது தண்ணீர் மாற்றுவது. என் ஓட்டு இதற்குத்தான். டெஸ்ட் கிட்டில் அமோனியாவும், பாக்டீரியா அதைச் செரிக்கும்போது உண்டாகும் இன்னொரு நச்சான நைட்ரைட்டும் 0 காட்ட வேண்டும். அதற்கு மேல் எது காட்டினாலும் முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான். செவுள் எரியும் மீனுக்குப் பசி எப்படி வரும்? குளோரின் நீக்கிய, அதே சூடுள்ள தண்ணீரால் கால் பங்கு முதல் பாதி வரை மாற்றினாலே பல மீன்கள் மறுநாள் இரைக்கு வந்துவிடும். மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்ட தொட்டியில் மட்டும் எச்சரிக்கை தேவை. அங்கே தண்ணீர் புளித்து பிஎச் இறங்கியிருக்கும். தேங்கிய அமோனியா தீங்கு குறைந்த அமோனியம் வடிவில் கிடக்கும். ஒரேயடியாகப் புதுத் தண்ணீரை ஊற்றினால் பிஎச் ஏறி, அது மறுபடி நச்சாகும். அத்தகைய தொட்டிக்குத் தினம் கொஞ்சமாக மாற்றுவதே சரி.

உப்பில் இரண்டு வகை. பெயர் ஒற்றுமையால் குழப்பிக்கொள்கிறோம். சாதாரண உப்பு லிட்டருக்கு 1 முதல் 3 கிராம். நன்னீர் மீனின் உடலுக்குள் ஓயாமல் புகும் தண்ணீரைச் சிறுநீரகம் வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உப்பு அந்தச் சுமையைக் குறைக்கிறது. அதிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே நுழைவதையும் தடுக்கிறது. எப்சம் உப்பு மெக்னீசியம் சல்பேட். அதில் குளோரைடு இல்லை, நைட்ரைட்டுக்கு உதவாது. மலச்சிக்கலால் வயிறு உப்பிய மீனுக்கு மலமிளக்கியாக அதுவே பொருத்தம். கோரிடோரஸ், லோச் போன்ற மீன்களும் பல நீர்ச்செடிகளும் சாதாரண உப்பைத் தாங்குவது கடினம். இன்னொன்று: ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே இருக்கும். குறைந்த தண்ணீரை நிரப்பும்போது மறுபடி உப்புப் போடக் கூடாது.

மருந்து கடைசியில்தான், அதுவும் அடையாளம் தெரிந்தால் மட்டும். வெள்ளை நூல் போன்ற கழிவும் மெலிந்த உடலும் குடலில் ஒட்டுண்ணி இருப்பதைக் காட்டலாம்; அதற்கு மெட்ரோனிடசோல். ஆசனவாயில் சிவப்பு இழைகள் தொங்கினால் கமல்லானஸ் புழு; அதற்கு லெவமிசோல். செதில்கள் பலாப்பழத் தோல்போல விறைத்து நின்றால், எந்த மருந்திலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

சிக்கல் மருந்தைக் கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. நன்னீர் மீன் தண்ணீரைக் குடிப்பது மிகக் குறைவு. அதனால் தொட்டியில் கலந்த மருந்து குடல்வரை சரியாகப் போய்ச் சேராது. இரையில் கலந்தால்தான் சேரும். ஆனால் மீன் வாயே திறப்பதில்லையே! ஆகவே நூல் கழிவைப் பார்த்த பிறகு காத்திருப்பது தவறு. இரண்டு துணுக்காவது கொறிக்கும் நாளிலேயே மருந்து கலந்த இரையைக் கொடுத்துவிட வேண்டும். முழுதாக நிறுத்திய மீனுக்குத்தான் தண்ணீரில் கலப்பது.

அப்படிக் கலந்தாலும் பெரிய தொட்டியில் வேண்டாம். தனி டப், ஏர் பம்ப், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு போதும். கார்பன் ஃபில்டர் மருந்தை உறிஞ்சிவிடும் என்பதால் அதை எடுத்துவிடுங்கள். டப்பிலும் அமோனியா ஏறும். தண்ணீரை மாற்றும்போதெல்லாம், மாற்றிய அளவுக்கு மட்டும் மருந்தைத் திரும்பச் சேர்த்தால் போதும்.