100 ஏஹெச் என்று விற்றார், உள்ளே இருந்தது 37

செங்கோட்டைக்காரனுக்குப் புனலூர் வெளியூரே இல்லை. 1956 வரைக்கும் நாங்களே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தோம். அந்த உரிமையில்தான் கேரள எல்லையான கோட்டைவாசல் தாண்டிப் போய், அந்தப் பக்கம் ஒரு கார் ஆடியோ கடையில் லித்தியம் பேட்டரி கட்டக் கொடுத்தேன். கடைப் பெயரைப் போடவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

என் வண்டியில் 2000 வாட் ஆர்எம்எஸ் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), பேஸுக்கு 12 இன்ச் வூஃபர் ஸ்பீக்கர் இரண்டு. பேஸ் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கும், வோல்டேஜ் 11க்கு இறங்கிவிடும். கடைச் சேட்டன் 100 ஏஹெச் (ஆம்பியர்-அவர், பேட்டரி எவ்வளவு தேக்கும் என்கிற அளவு), லித்தியம் பாஸ்பேட் செல், 4 சீரிஸ் (ஒன்றன்பின் ஒன்றாக நாலு), 34,000 ரூபாய் என்றார். பில் கேட்டேன். விசிட்டிங் கார்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தார். பணத்தை ஜிபேயில் போட்டேன், அது ஒன்றுதான் நான் செய்த புத்திசாலித்தனம்.

பேட்டரி கைக்கு வந்தபோது லேசாக இருந்தது. லித்தியம் என்றால் அப்படித்தானே என்று எனக்குச் சந்தோஷம் வேறு. உண்மையில் 100 ஏஹெச் பாஸ்பேட் செல் ஒன்றே 2 கிலோ பக்கம் இருக்கும், நாலு செல்லுக்கு 8 கிலோ, பெட்டி, கம்பி எல்லாம் தனி. என்னுடையது பெட்டியோடு சேர்த்தே 6 கிலோ தாண்டவில்லை. பக்கத்து மளிகைக்கடைத் தராசில் வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

முதல் வாரமே சத்தம் கூட்டினால் பாட்டு பொட்டென்று நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் தானாக வரும். திரும்பக் கொண்டுபோனேன். "ஒண்ணும் பேடிக்கண்டா (பயப்பட வேண்டாம்), பிஎம்எஸ்தான் கட் பண்ணுது" என்று சொல்லி, பத்தே நிமிடத்தில் அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துக் கொடுத்தார். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. பிஎம்எஸ்தான் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பார்த்து, அதிகம் ஏறினாலும் இறங்கினாலும், கரண்ட் அளவு மீறினாலும் துண்டிக்கிற பலகை. அது கட் பண்ணினால் பேக் தாங்கவில்லை என்று அர்த்தம், கட் பண்ணுகிறதைப் பிடுங்கி எறிந்தால் தாங்கிவிடுமா?

அன்று சாயங்காலம் திரும்பும்போது புளியரை எஸ் வளைவு இறக்கத்தில், பின்சீட்டில் இருந்த அக்கா மகன் "மாமா, ரப்பர் எரியுற வாடை வருது" என்றான். பிரேக் லைனர்தான் என்று நினைத்து ஓரம் கட்டி டிக்கியைத் திறந்தால், பேட்டரியின் நீல ஸ்லீவ் ஒரு பக்கம் உருகிச் சுருண்டு கிடக்கிறது. கை நடுக்கத்தோடு ஸ்பேனர் தேடி நெகட்டிவைக் கழற்றினேன். பாஸ்பேட் வகை மற்ற லித்தியம் போலச் சட்டென்று தீப்பிடிக்காது, அதனால் பிழைத்தோம்.

தென்காசியில் மின்சார சைக்கிளுக்கு பேக் கட்டுகிற நண்பன் ஒருவன் இருக்கிறான். பிரிப்பதற்கு முன்னால் உருகாத பக்கத்திலிருந்து வயர் எடுத்து, 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டை மாட்டி, மல்டிமீட்டரோடு பக்கத்திலேயே உட்கார்ந்தான். எட்டரை ஆம்பியர் இழுத்தது. 100 ஏஹெச் என்றால் 11 மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். 4 மணி 20 நிமிடத்தில் முடிந்தது. கணக்குப் போட்டால் 37 ஏஹெச்.

பிரித்தபோது உள்ளே 32 உருண்டைச் செல், ஒவ்வொன்றும் 6 ஏஹெச் வகை, எட்டு எட்டாக நாலு வரிசை. புதுசாகவே இருந்தாலும் 48தான் வரும், இதிலோ பாதிக்குமேல் பழைய வெல்டிங் தடம். பிஎம்எஸ் 60 ஆம்பியர். 2000 வாட் ஆம்ப் முழுசாக அடித்தால் 80 சதவீதத் திறன் என்று வைத்தாலும் 195 ஆம்பியர் கேட்கும். அது செல்களை இணைக்கிற எட்டுப் பட்டை வழியாகப் போனால் பட்டைக்கு 24. அவர் போட்டிருந்த மெல்லிசுப் பட்டை அதில் கால்வாசிதான் சூடாகாமல் தாங்கும், இந்த வேலைக்குச் செம்புத் தகடு போட வேண்டும் என்றான் நண்பன். ஒரு துண்டைக் கீறி உப்புத் தண்ணீரில் போட்டுவைத்தான், காலையில் துருப்பிடித்துக் கிடந்தது. நிக்கல் முலாம் பூசிய இரும்பு!

வயரையும் பிளேடால் சுரண்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை, அலுமினியம். ஃபியூஸ் ஆம்புக்குப் பக்கத்தில் இருந்தது. பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டியது அது. நடுவில் வயர் உரசி பாடியில் பட்டால் ஆம்ப் பக்கத்து ஃபியூஸ் என்ன செய்யும்?

போன் பண்ணினால், நான் சத்தம் கூட்டியதுதான் தப்பாம். அப்புறம் 5,000 தருகிறேன், பேக்கைக் கொண்டுவா என்றார். கொடுக்கவில்லை, அதுதானே எனக்குச் சாட்சி. கடை கேரளத்தில் இருந்தாலும் 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊர்ப் பக்கத்திலேயே வழக்குப் போடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன், ஜிபே ரசீதும் செல் படங்களும் கையில் இருக்கின்றன. அந்தப் பக்கம் போய் இதே மாதிரி நீல ஸ்லீவ் பேக் வாங்கியவர்கள் தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறீர்கள் என்று கேள்வி. மலை ஏறுவதற்கு முன்னால் தராசில் வைத்துப் பாருங்கள், பிஎம்எஸ் உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள்.