ஸ்க்ரோல் எஃபெக்ட்: அப்சர்வரா, சிஎஸ்எஸ்ஸா, ஜீசாப்பா?

பக்கத்தை உருட்டும்போது படமோ பெட்டியோ மெல்லத் தெளிந்து வர வேண்டும். எந்த வழியில் செய்வது என்று தேடுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: எஃபெக்ட் ஒருமுறை நடந்தால் போதுமா, இல்லை விரல் நகர நகர அதுவும் கூடவே நகர வேண்டுமா?

ஸ்க்ரோல் ஈவென்ட் வரும்போதெல்லாம் எலிமென்ட் எங்கே நிற்கிறது என்று அளக்கும் பழைய வழி வேண்டவே வேண்டாம். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிசெகண்ட்தான், அதற்குள் ஸ்டைலை மாற்றுவதும் இடத்தை அளப்பதுமாக மாறி மாறிச் செய்தால் பிரவுசர் லேஅவுட்டைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, சாதாரண போனில் பக்கம் திக்கித் திணறும்.

ஒருமுறை போதும் என்றால் பிரவுசரிலேயே இருக்கும் வசதியான இன்டர்செக்‌ஷன் அப்சர்வர். எலிமென்ட் திரைக்குள் வந்ததும் பிரவுசரே சொல்லிவிடும், தெளிய வைக்கும் சிஎஸ்எஸ் கிளாஸைச் சேர்த்துவிட்டு கவனிப்பதை நிறுத்திவிடலாம். 2019-லேயே சஃபாரி வரை வந்துவிட்டது. ஆனால் ஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் மறைத்து வைத்த பகுதி மறைந்தே கிடக்கும், அதனால் மறைப்பதையும் ஸ்கிரிப்டிடமே விடுங்கள்.

கூடவே நகர வேண்டும் என்றால் என் ஓட்டு சிஎஸ்எஸ்ஸுக்கு. அனிமேஷன்-டைம்லைன் என்ற சிஎஸ்எஸ் பண்புக்கு view() என்று கொடுத்தால் போதும், ஜாவாஸ்கிரிப்டே தேவையில்லை. டிரான்ஸ்ஃபார்ம், ஒபாசிட்டி இரண்டை மட்டும் அசைத்தால் ஸ்கிரிப்ட் ஓடும் மெயின் த்ரெட் வேறு வேலையில் மூழ்கியிருந்தாலும் பொதுவாக அசைவு தடுமாறாது. 2023-ல் குரோம் 115-லும் 2025-ல் சஃபாரி 26-லும் வந்தது. ஃபயர்பாக்ஸ் பின்தங்கிவிட்டதால் வசதி இருக்கும் பிரவுசரில் மட்டும் செயல்படும் சப்போர்ட்ஸ் விதிக்குள் எழுதுவதே பாதுகாப்பு. நான் அரை நாள் தொலைத்த இடம் ஒன்று: டைம்லைன் வரியை அனிமேஷன் என்ற சுருக்க வரிக்குக் கீழே எழுத வேண்டும், மேலே எழுதினால் சுருக்க வரி அதை அழித்துவிடும். அப்புறம், வெளியே இருக்கும் பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் இருந்தால் அனிமேஷன் பக்கத்தை விட்டுவிட்டு அந்தப் பெட்டியின் ஸ்க்ரோலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். ஹிடனுக்குப் பதில் கிளிப் போடுங்கள், சரியாகிவிடும்.

ஜீசாப் என்ற ஜாவாஸ்கிரிப்ட் அனிமேஷன் லைப்ரரியின் ஸ்க்ரோல்ட்ரிகர்? ஒரு பகுதியைத் திரையில் நிறுத்தி வைத்து உள்ளே பல அசைவுகளை வரிசையாக ஓட்டும்போது அது நிஜமாகவே கைகொடுக்கும், 2025 முதல் ஜீசாப் முழுக்க இலவசமும்கூட. நாலு பெட்டியைத் தெளிய வைக்க அதை ஏற்றுவது வீண் சுமை.

எதை எடுத்தாலும் அசைவைக் குறைக்கச் சொல்லி போனில் அமைத்திருப்பவர்களுக்கு எஃபெக்டை நிறுத்திவிடுங்கள். இப்படி நகரும் திரை சிலருக்கு உண்மையிலேயே தலைசுற்றலைக் கொடுக்கிறது. சிஎஸ்எஸ்ஸில் ஒரு மீடியா குவெரி, ஜீசாப்பில் மேட்ச்மீடியா, அப்சர்வரில் ஸ்கிரிப்ட் பகுதியை மறைக்கும் முன் ஒரு இஃப், அவ்வளவுதான் வேலை.