பளபளன்னு ஒரு பேவரைக் காட்டி 48,000 வாங்கிட்டாங்க: ஆபரேட்டர் பயிற்சிக்குப் பணம் கட்டப் போறவங்க படிங்க

கோபத்துலதான் எழுதறேன். அங்கங்க வார்த்தை தடிச்சிருந்தா பொறுத்துக்குங்க. எங்க தார் வேலை டீம்ல இருந்து ரெண்டு பசங்களை ஆபரேட்டர் பயிற்சிக்கு அனுப்பினோம். ஒருத்தன் பேவருக்கு (சூடான தார்க்கலவையை ரோட்டுல விரிக்கற மெஷின்), இன்னொருத்தன் ரோலருக்கு (விரிச்சதை அமுக்கற மெஷின்). ஆளுக்கு 24,000, மொத்தம் 48,000. பத்து நாள் வகுப்பு, ஆளுக்கு 40 மணி நேரம் மெஷின் மேல, கடைசி நாள் தேர்வு, சான்றிதழ், அடையாள அட்டைன்னு பேச்சு. இதுல வந்து சேர்ந்தது சான்றிதழும் அட்டையும் மட்டும்தான். இடத்தோட பேரைப் போடலை. ரோடு மெஷின்களுக்குப் பயிற்சி தர்றோம்னு நடத்தற ஒரு தனியார் நிலையம், அவ்வளவு போதும். பேரைப் போட்டா பேச்சு அந்தப் பேரைச் சுத்தியே போயிடும். பணம் கட்டறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு கடைசியில சுருக்கமா சொல்றேன்.

விவரம் தெரியாதவங்களை ஏமாத்தினாக்கூடப் பரவாயில்லை. பேவர் பின்னாடியே நடந்து பழகினவங்க நாங்க, நேர்ல போய்ப் பார்த்துட்டுத்தான் பணம் கட்டினோம். பேவர் பின்னாடி கலவையை மட்டமாக்கற கனமான தட்டுக்கு ஸ்க்ரீட்னு பேர், அதை வண்டியோட இணைச்சு இழுக்கற நீளக் கைதான் டோ ஆர்ம். அங்க இருந்த பயிற்சியாளர் அந்த டோ ஆர்ம் மேல கையை வச்சுக்கிட்டு சொன்னார்: "அண்ணே, ஸ்க்ரீட் கலவை மேல மிதக்குது. இந்தத் திருகை ஒரு சுத்து சுத்தினா உடனே கனம் மாறாது. டோ ஆர்ம் எவ்வளவு நீளமோ அதைப் போல அஞ்சு மடங்கு தூரம் வண்டி போனாத்தான் மாற்றம் முழுசா வந்து சேரும். முதல் ஒரு நீளத்துல அறுபது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்."

சொன்னது நூத்துக்கு நூறு சரி. இதைச் சொல்லத் தெரிஞ்ச ஆள் களத்துல நின்னவராத்தான் இருப்பார்னு ஒரு நம்பிக்கை. அந்த ஒரு பேச்சுக்கு 48,000த்தை அங்கேயே எடுத்து நீட்டியாச்சு.

பார்க்க வேண்டியது அந்த மெஷினை. ஹாப்பர் (டிப்பர் கலவையைக் கொட்டற முன்பக்கத் தொட்டி) உள்பக்கம் பெயிண்ட் அப்படியே இருந்துச்சு. கலவையை ரெண்டு பக்கமும் பரப்பற திருகுத் தண்டு, அதான் ஆகர், அதோட இறக்கை ஓரம் தேயலை. ஹாப்பர்ல இருந்து கலவையைப் பின்னாடி கொண்டு போற கன்வேயர் பட்டைகளுக்கு நடுவுல ஒரு ஜல்லி இல்லை. ஸ்க்ரீட் தட்டுல தார்க்கறை இல்லை. ஒரு மாசம் வேலை செஞ்ச பேவரை எப்படிக் கழுவினாலும் ஆகர் பெட்டி மூலையில கறுப்பா கட்டி உறைஞ்சு நிக்கும். பக்கத்துல போனாலே தார் வாசனை வரும். இது ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி இருந்துச்சு. 'அடேயப்பா, என்ன பராமரிப்பு'ன்னு மெச்சிட்டு வந்தோம். சூடான கலவையே பார்க்காத மெஷின்னு தோணலை.

பத்து நாள்ல நடந்தது என்னன்னா, 22 பேருக்கு ஒரு பேவர், ஒரு ரோலர். பசங்க கணக்குப்படி பேவர்ல ஆளுக்கு 11 நிமிஷம், ரோலர்ல 25 நிமிஷம். கலவைக்குப் பதிலா மணல். முதல் ரெண்டு நாள் மணல் போட்டுப் பழகறதுல தப்பே இல்லை, நாங்களே அப்படித்தான் பழக்குவோம். ஹாப்பர் இறக்கையை மடக்க, கன்வேயரை ஓட்டி நிறுத்த, நேரா ஸ்டியரிங் பிடிக்க மணல் போதும். ஆனா மணல் ஆறாது, ஒட்டாது, கிழியாது. ஸ்க்ரீட்டைச் சூடு பண்ணாம ஆரம்பிச்சா கலவை அடித்தட்டுல ஒட்டி இழுத்துட்டு வந்து மேட் (விரிச்ச கலவைத் தளம்) பூராவும் கீறல் கீறலா கிழியறதை மணல் எப்படிக் காட்டும்? கிளம்பறதுக்கு 20, 30 நிமிஷம் முன்னாடியே ஹீட்டரைப் போட்டு, தட்டு 120 டிகிரியைத் தாண்டினதைப் பார்த்துட்டுத்தான் கலவையை இறக்கணும். அந்த ஹீட்டரை அங்க ஒரு தடவைகூட பத்தவைக்கலையாம். 'கேஸ் செலவு' அப்படின்னாங்களாம்.

ஆரம்ப செட்டிங் எப்படின்னு பேவர் பையன்கிட்ட கேட்டேன். ஸ்க்ரீட்டைத் தரையில இறக்கிட்டு ஓட்டச் சொன்னாங்களாம். எனக்கு மயக்கமே வந்துச்சு. அமுங்கின பிறகு 50 மில்லிமீட்டர் கனம் வேணும்னா விரிக்கும்போது 60, 62 இருக்கணும். அந்தக் கனத்துக்குக் கட்டை ரெண்டு பக்கமும் வச்சு அதுமேல ஸ்க்ரீட்டை இறக்கணும். டோ பாயிண்டை (டோ ஆர்ம் வண்டியோட சேர்ற இடம்) நடு நிலைக்குக் கொண்டு வந்து, ரெண்டு பக்கத் திருகையும் லூசாகிற இடம் வரைக்கும் சுத்தி ஸ்க்ரீட்டைக் கட்டை மேல படுக்கவைக்கணும். அப்புறம் ஸ்க்ரீட்டோட முன் ஓரம் லேசா தூக்கற மாதிரி கொஞ்சம் திருகணும். ஏற்கெனவே போட்ட தளத்து ஜாயிண்ட்ல இருந்து தொடர்ந்தா கட்டை அந்தக் கனத்துக்கு வேண்டாம், அமுங்கப் போற 10, 12 மில்லிமீட்டருக்கு மட்டும் பட்டை. ஆகர் பெட்டியில தண்டு பாதி தெரியற அளவுக்குக் கலவை நிரம்பின பிறகுதான் வண்டி நகரணும். அந்த மட்டம் ஏறினா ஸ்க்ரீட் தூக்கும், இறங்கினா அமுங்கும். ஒரே சீரா ரோடு வர்றதுல பாதி சூட்சுமம் இந்த மட்டத்துலதான் இருக்கு. ஒருத்தரும் சொல்லிக் குடுக்கறதில்லை.

பையன் சைட்டுக்கு வந்த முதல் நாள். டெப்த் கம்பியைக் குத்திப் பார்த்தான், 5 மில்லிமீட்டர் குறைவு. திருகையை ஒரு சுத்து சுத்தினான். ஒரு மீட்டர் தாண்டி மறுபடி குத்தினான், பெருசா மாத்தம் இல்லை. இன்னொரு சுத்து. இன்னும் ஒரு மீட்டர், இன்னொரு சுத்து. டோ ஆர்ம் 3 மீட்டர்னு வைங்க, அஞ்சு மடங்கு 15 மீட்டர். அந்த 15 மீட்டர்ல அவன் சுத்தின மூணு சுத்தும் சேர்ந்து வந்து நின்னுச்சு. கனம் எகிறிப் போச்சு. பதறிப்போய் இந்தப் பக்கம் மூணு சுத்து திருப்பிவிட்டான். அடுத்த 15 மீட்டர்ல பள்ளம். பணம் வாங்கும்போது அவ்வளவு அழகா சொன்னாரே அந்த ஆள், அதே விஷயம்! பசங்களுக்குச் சொல்லவே இல்லை. அது வந்து விசாரிக்கறவங்களுக்காக வச்சிருக்கற வசனம் போல. 40 மீட்டரைச் சூடு ஆறறதுக்குள்ள சுரண்டி எடுத்தோம். அந்தக் கலவைக் காசு 48,000ல சேராது.

ரோலர் பையன் கதை இன்னும் மோசம். டயர் ரோலர்ல கலவை ஒட்டினா டீசல் அடிக்கச் சொல்லிக் குடுத்திருக்காங்க. டீசல் தாரைக் கரைக்கும். அது சொட்டின இடத்துல ஜல்லி பிடிப்பு விட்டு நாலு மழையில பேர்ந்து வரும். டயருக்குன்னு இருக்கற ஒட்டாத கரைசலை அடிக்கணும், டயர் சூடேறிட்டா ஒட்டறது தானாவே குறைஞ்சிடும். இரும்பு டிரம்முக்குத் தண்ணி. காலையில முதல் வேலையா தண்ணி தெளிக்கற நாசில் ஒவ்வொண்ணையும் பார்க்கணும், ஒண்ணு அடைச்சிருந்தாலும் அந்த அகலத்துக்குக் கலவை டிரம்மோடயே சுருட்டிக்கிட்டு வந்துடும்.

வைப்ரேஷன் போட்டபடியே நின்னு ரிவர்ஸ் எடுத்தான். நின்ன இடம் ஒவ்வொண்ணும் குழி. நகர ஆரம்பிச்ச பிறகு வைப்ரேஷன் போடணும், நிக்கறதுக்கு முன்னாடி நிறுத்தணும். சூடான மேட் மேல ரோலரை நிறுத்தி வைக்கவே கூடாது. ரிவர்ஸ் எடுக்கற இடமும் ஒரே கோட்டுல வரக்கூடாது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி, லேசா சாய்வா நிக்கணும். பேவர் பக்கம் ஓட்டு டிரம் (இன்ஜின் சுத்தற டிரம்) இருக்கணும், தாழ்ந்த ஓரத்துல இருந்து உயர்ந்த ஓரத்துக்குப் போகணும், தடம் 15 சென்டிமீட்டராவது ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும். இதெல்லாம் பழகினவங்களுக்கு மூச்சு விடற மாதிரி.

வேகம்? "மெதுவா ஓட்டச் சொன்னாங்க அண்ணே." எவ்வளவு மெதுவான்னா தெரியலை. கணக்கு எளிசு. நிமிஷத்துக்கு 3000 அதிர்வு இருக்கற ரோலர் மணிக்கு 4 கிலோமீட்டர்ல போனா மீட்டருக்கு 45 அடி விழும். 6 கிலோமீட்டர்ல 30. 8 கிலோமீட்டர்ல 22தான், அப்போ அடிக்கும் அடிக்கும் நடுவுல இடைவெளி விழுந்து மேல்பரப்பு துணி துவைக்கற பலகை மாதிரி ஆகிடும். 30 சென்டிமீட்டருக்குப் பத்துக்குக் குறையாம அடி விழணும்னு ஒரு வரி போதும். பத்து நாள்ல ஒரு வரி சொல்ல நேரம் இல்லையா? கலவை ஆற ஆற இறுகாதுங்கறதையும் சொல்லலை. 80 டிகிரிக்கு வந்தாச்சுன்னா அப்புறம் எவ்வளவு ஓட்டினாலும் ஜல்லிதான் உடையும். வெப்பமானியை அங்க கண்ணுலகூட காட்டலை.

ரோடு கெட்டா சுரண்டிப் போட்டுக்கலாம். ஆள் போனா? பசங்களோட நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'பாதுகாப்பு'ன்னு அடிக்கோடு போட்ட தலைப்பு. கீழ மூணு வரி. ஹெல்மெட். ஷூ. ஜாக்கெட். அதுக்கப்புறம் பக்கம் காலி.

தூக்கி நிறுத்தின ஸ்க்ரீட்டுக்கு அடியில போறதுக்கு முன்னாடி மெக்கானிக்கல் லாக் போடணும், ஹைட்ராலிக்கை நம்பக்கூடாதுன்னு யார் சொல்றது? டிப்பர் ரிவர்ஸ் வரும்போது பேவருக்கும் டிப்பருக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கக்கூடாது, டிப்பர் முப்பது, நாப்பது சென்டிமீட்டர் முன்னாடியே நிக்கணும், பேவர்தான் போய் அதைத் தொடணும். இடிச்சா மேட்ல கோடு விழும், அது போகட்டும், நடுவுல ஆள் இருந்தா? மேல மின்கம்பி இருக்கான்னு பார்க்காம டிப்பர் தொட்டியைத் தூக்கக்கூடாது. ரோலர்ல கவிழ்வுக் கூண்டு (வண்டி கவிழ்ந்தா ஆளைக் காக்கற இரும்புச் சட்டம்) இருந்தா பெல்ட் கட்டாயம். ஓரம் சரிஞ்சு சாயும்போது குதிச்சா கூண்டு நம்ம மேலேயே விழும், பெல்ட்டோட உள்ள இருந்தாத்தான் தப்பிக்கலாம். சரிவுல மேலயும் கீழயுமா ஓட்டணும், குறுக்கே போகக்கூடாது.

தார்ச்சூடு பட்டா என்ன செய்யணும்னு கேட்டதுக்கு ரோலர் பையன், "டீசல் போட்டுத் துடைச்சு எடுக்கணும்"ங்கறான். அடப்பாவி! தோலோட உரிஞ்சு வந்துடும்டா. ஒட்டின தாரைப் பிய்க்கவே கூடாது. குளிர்ந்த தண்ணியில 20 நிமிஷமாவது வச்சிருந்து, தாரோடயே மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். சூடான தார் இருக்கற தொட்டியில துளி தண்ணி போனாலும் அது நீராவியா ஆயிரம் மடங்குக்கும் மேல விரிஞ்சு பொங்கி வெளிய வரும். இதைச் சொல்லாம ஒருத்தன் கையில சான்றிதழ் குடுக்கறது எந்த ஊர் நியாயம்?

அந்தச் சான்றிதழ்ல '40 மணி நேரக் களப் பயிற்சி நிறைவு'ன்னு அச்சடிச்சிருக்கு. 11 நிமிஷம், 40 மணி நேரம். எந்த மெஷின், என்ன மாடல்னுகூட இல்லை, 'சாலை இயந்திரங்கள்'னு மொத்தமா ஒரு வார்த்தை. இதை வச்சு அந்தப் பையன் நாளைக்குப் பழைய தளத்தைச் சுரண்டற மில்லிங் மெஷின்லகூட ஏறி உக்காரலாம். சுழல்ற டிரம்ல பல் மாத்தறதுக்கு முன்னாடி இன்ஜினை அணைச்சு மெயின் சுவிட்சை எடுத்துச் சாவியைப் பையில போடணும்னு தெரியாமலே.

மூணாம் நாளே பசங்க போன் பண்ணினாங்க, சூடான கலவை வரலைன்னு. நிலையத்துக்குப் பேசினோம். "பிளான்ட் ரிப்பேர் சார், நாளைக்கு வந்துடும்." ஆறாம் நாள்: "மழை வர்ற மாதிரி இருக்கு சார்." பத்தாம் நாள் யாரும் போன் எடுக்கலை. சான்றிதழ் வந்த பிறகு போனா, ஆபீஸ்ல இருந்த பொண்ணு, "பயிற்சியாளர் சார் சைட்ல இருக்காரு"ங்குது. எந்த சைட்? அங்கதான் சைட்டே இல்லையே. ரெண்டாவது தடவை போனப்போ நிர்வாகி வந்தார். ரசீதைத் திருப்பிக் காட்டினார். "களப் பயிற்சின்னுதான் போட்டிருக்கு. சூடான கலவைன்னு எங்க போட்டிருக்கு? எங்க களத்துல மணல்." சிரிச்சுக்கிட்டே சொன்னார். 48,000ல பாதியாவது குடுங்கன்னு கேட்டா, "திருப்பித் தர்ற வழக்கம் இல்லை. வேணும்னா அடுத்த பேட்ச்ல பசங்களை இலவசமா உக்கார வைக்கறேன்." மறுபடி அந்த மணல்ல 11 நிமிஷம்! அப்புறம் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. பயிற்சியாளர் மட்டும் ஒரு தடவை எடுத்து, "அண்ணே, சான்றிதழ் கைக்கு வந்துடுச்சுல்ல, இன்னும் என்ன?"ன்னார்.

48,000. ரெண்டு பசங்களும் இப்போ எங்க ஆபரேட்டர் பக்கத்துல நின்னு முதல்ல இருந்து கத்துக்கறாங்க. இதை முன்னாடியே செஞ்சிருந்தா ஒரு காசு செலவில்லை.

கடைசியில சொல்றேன்னு சொன்னது இதுதான். ரசீதுல மெஷின் பேர், ஆளுக்கு எத்தனை மணி நேரம், 'சூடான கலவையில்' அப்படிங்கற வார்த்தை, மூணும் எழுத்துல இல்லாம ஒரு பைசா குடுக்காதீங்க. ஒரு மெஷினுக்கு நாலு, அஞ்சு பேருக்கு மேல சேர்த்தா திரும்பி வந்துடுங்க. இன்ஜின் மணி காட்டற மீட்டரை முதல் நாளும் கடைசி நாளும் போட்டோ எடுத்து வைங்க, நாங்க எடுக்கலை. முழுப்பணத்தை முன்னாடியே கட்டாதீங்க. பயிற்சியாளர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி ஹாப்பருக்குள்ள எட்டிப் பாருங்க, கறுப்பா இருக்கான்னு.