"1000 மடங்கு" மைக்ரோஸ்கோப், இலவச ஸ்டாண்டு: ஏமாறாதீர்கள்

விலை குறைந்த யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்புக்கு "உலோக ஸ்டாண்டு இலவசம்" என்று போட்டிருந்தால் நிதானியுங்கள். பெட்டியில் வந்தது உள்ளங்கை அளவு தகடு, பென்சில் தடிமனில் ஒரு கம்பி, பிளாஸ்டிக் கவ்வி. ஃபோகஸ் சக்கரத்தில் விரல் பட்டாலே படம் ஓடிவிடுகிறது. விற்றவர் சொன்ன பதில்: "உங்களுக்கு ஃபோகஸ் செய்யத் தெரியவில்லை." படம் ஆடுவதை வீடியோ எடுத்து அனுப்பியதும் பேச்சு மாறியது: இலவசப் பொருளுக்கு ரிட்டர்ன் இல்லையாம்!

உச்சப் பெருக்கத்தில் திரையில் தெரிவதே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கவ்வி 0.2 மி.மீ. அசைந்தால் படத்தில் பத்தில் ஒரு பங்காவது நகர்ந்துவிடும். கை நடுக்கம் காரணமில்லை.

"1000 மடங்கு" கதையும் இதே ரகம். ஸ்டீல் ஸ்கேலைப் படம் பிடியுங்கள். 300 மி.மீ. அகலத் திரையை 1.5 மி.மீ. நிரப்பினால் அது 200 மடங்கு. இந்தப் படத்தை ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் எடுத்து வையுங்கள்.

ஸ்டாண்டை நீங்களே செய்துகொள்ளலாம். 18 மி.மீ. ப்ளைவுட்டில் 200 × 250 மி.மீ. அடிப்பலகை, அதன் மேல் செங்குத்துப் பலகை, அதில் பால் பேரிங் வைத்த டிராயர் சேனல் ஒன்று. தானாக மூடிக்கொள்ளும் சேனல் வேண்டாம், அதன் ஸ்பிரிங் ஃபோகஸைக் கெடுக்கும். நகரும் பகுதியில் ஒரு கட்டை. கட்டையில் எம்6 (6 மி.மீ.) நட்டை எபாக்ஸி பசை வைத்துப் பதியுங்கள். அதன் வழியே இறங்கும் மரைக் கம்பியின் நுனி அடிப்பலகையில் ஒட்டிய வாஷரில் நிற்கட்டும். ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறி இறங்கும். நுனியை அரத்தால் உருண்டையாக ராவுங்கள். வெட்டியபடியே விட்டால் சுற்றுக்குச் சுற்று கட்டை தலையாட்டும். கட்டை கனமில்லாததால் கீழ்நோக்கி ஒரு ரப்பர் பேண்டு மாட்டுங்கள், நட்டின் ஆட்டம் தெரியாது.

மைக்ரோஸ்கோப் உடலை வெர்னியர் காலிப்பரில் அளந்து, கட்டையில் இரண்டு மி.மீ. பெரிய துளை போடுங்கள். ஒரு பக்கம் ரம்பத்தால் பிளந்து, உள்ளே சைக்கிள் ட்யூப் ரப்பர் ஒட்டி, விங் நட்டால் இறுக்குங்கள். ஃபோகஸ் சக்கரத்தின் மேல் கவ்வக்கூடாது. அளவுக்கு மீறி இறுக்கினால் பிளாஸ்டிக் உடல் நசுங்கிச் சக்கரம் சிக்கும். அந்தச் சக்கரத்தை ஒருமுறை வைத்ததோடு விட்டுவிடுங்கள், நுண்ணிய ஃபோகஸ் எல்லாம் மரைக் கம்பியில்தான்.

கேபிளைக் கொஞ்சம் தளர்வாக விட்டுப் பலகையோடு கட்டுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் படம் நகர்ந்தால், பெரும்பாலும் கேபிள்தான் இழுக்கிறது.